பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கு! ஓட்டுகிற வாலிபருக்கு?

சென்னை:-

கடற்கரையில் இருந்து தாம்பரம் போகும் மின்சார ரெயிலில் மாலை 6 மணிக்கு ஏறிப் பாருங்கள். வாசல்படியில் ஒரு கை, வெளியே ஒரு கால் என்று தொங்கிக்கொண்டு போகும் வாலிபர்கள் எத்தனை பேர்!

அவர்களில் ஒருவரிடம், “ஏம்ப்பா, மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்திருக்கியா?” என்று கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்.

“எனக்கென்ன சார் வயசா ஆச்சு? கல்லைத் தின்னாலும் செரிக்கும்!”

செரிக்கும்தான். யார் இல்லை என்றது? ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குச் செரிமானக் கோளாறு ஒன்றுதான் காரணமா?

குடல்வால் அழற்சி என்கிற ‘அப்பெண்டிசைட்டிஸ்’ அதிகமாகத் தாக்குவதே 10 வயதில் இருந்து 30 வயதுக்குள்தான். ராத்திரி வயிற்று வலி என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவரை, விடிவதற்குள் ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்துவிடும்.

மழைக்காலம் வந்தால் டெங்கு. கொசு கடிக்கும்போது பிறந்த தேதி கேட்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ரோடு இருக்கிறது. மத்திய அரசு வெளியிட்ட சாலை விபத்துக் கணக்கின்படி 2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் எந்த மாநிலத்துக்கு? தமிழ்நாட்டுக்குத்தான். 64 ஆயிரத்து 105 விபத்துகள்!

இறந்தவர்களைவிட, கை கால் முறிந்து பிழைத்தவர்கள் அதிகம். பிழைத்தவர்களுக்குத்தான் பில் வருகிறது.

“எனக்குத்தான் இருக்கே!”

“இன்சூரன்ஸ் இருக்கு சார்” என்று சொல்லும் வாலிபர்களும் உண்டு. என்ன இன்சூரன்ஸ் என்று துருவிக் கேட்டால்தான் குட்டு வெளிப்படுகிறது.

முதலாவது, பைக் இன்சூரன்ஸ். போலீஸ்காரர் மடக்கினால் காட்டுவதற்காக எடுத்தது. இதில் கட்டாயமாக உள்ள பகுதி, அந்த பைக்கால் அடிபட்ட மூன்றாவது ஆளுக்குப் பணம் கொடுப்பதற்காக. ஓட்டுகிற உரிமையாளருக்கும் ரூ.15 லட்சம் விபத்துக் காப்பு உண்டு. ஆனால் அது உயிர் போனால் அல்லது உறுப்பு போய் நிரந்தர ஊனம் ஆனால் கிடைக்கும் பணம். கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்து ஒரு வாரம் படுத்திருந்ததற்கு ஆஸ்பத்திரி பில்லை அது கட்டாது.

இரண்டாவது, பாங்கி கணக்கில் இருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் என்று பெயர். விபத்தில் இறந்தால் ரூ.2 லட்சம். நல்ல திட்டம்தான். 20 ரூபாய்க்கு இதைவிட என்ன கேட்க முடியும்? ஆனால் டெங்கு காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது, மாமாவோ சித்தப்பாவோ ஏஜெண்டாக இருந்து தலையில் கட்டிய ஆயுள் பாலிசி. 20 வருஷம் கட்டினால் முதிர்வுத்தொகை வரும். ஆஸ்பத்திரி கவுண்டரில் அந்தப் பத்திரத்தை நீட்டினால் கேஷியர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஆக மூன்று இன்சூரன்ஸ் வைத்திருக்கும் வாலிபர், படுத்தால் பைசா இல்லாமல் நிற்பார். பைக்குக்கு இருக்கிறது. செத்தால் இருக்கிறது. படுத்தால்தான் இல்லை!

ஜி.எச். இருக்கும்போது என்ன பயம்?

இந்தக் கேள்வியைக் கேலி செய்ய முடியாது. சென்டிரலுக்கு எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, 2023-ல் கிண்டியில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி என்று சென்னைக்காரருக்கு வாய்த்த வசதி பல மாநிலத்தவருக்கு இல்லை. பெரிய பெரிய டாக்டர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்ற திட்டத்தையும் தமிழக அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் அது செல்லும். இன்ன ஊர்க்காரர், இன்ன வருமானம் என்ற பேதம் இல்லை.

ஆனால் 49-வது மணி நேரம் ஒன்று இருக்கிறதே!

நடப்பு என்னவென்றால், ராத்திரி 2 மணிக்குப் பிள்ளை வலியில் துடித்தால் வீட்டில் உள்ளவர்கள் ஆட்டோவைப் பிடித்து எந்த ஆஸ்பத்திரியில் விளக்கு எரிகிறதோ அங்கேதான் போகிறார்கள். அட்வான்ஸ் கட்டச் சொல்வார்கள். அம்மா கழுத்தில் உள்ளது காலை 9 மணிக்கு அடகுக் கடைக்குப் போகும்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. 2021-22ம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டில் மருத்துவத்துக்காகச் செலவான ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய்க்கு மேல் ஜனங்கள் தங்கள் பையில் இருந்து போட்டது. முன்பு இது 60 ரூபாயைத் தாண்டி இருந்தது. குறைந்திருக்கிறது. ஆனாலும் 39 ரூபாய் சின்னத் தொகையா?

கடனின் கணக்கையும் பார்த்துவிடலாம். 2 லட்சம் ரூபாய் பில். கையில் காசு இல்லை. தெரிந்தவரிடம் மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி. மாதம் 6 ஆயிரம். வருஷத்துக்கு 72 ஆயிரம் வட்டி மட்டும். அசல் அப்படியே நிற்கும்.

25 வயது ஆளுக்கு ரூ.5 லட்சம் மருத்துவ பாலிசி, பல கம்பெனிகளில் வருஷத்துக்கு ரூ.10 ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. ஒரு வருஷ வட்டியில் 7 வருஷ பிரிமியம் கட்டி இருக்கலாம்!

கார்டு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. குடும்பத்துக்கு வருஷத்துக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. 2022-ல் வருமான வரம்பு ரூ.72 ஆயிரத்தில் இருந்து ரூ.1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. அந்த வரம்புக்குள் இருப்பவர்கள் வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போய் அட்டை வாங்கிவிட வேண்டும். அவர்கள் பிரிமியம் கட்டி அலைய வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது இ.எஸ்.ஐ. 2017 ஜனவரியில் இதற்கான சம்பள வரம்பு மாதம் ரூ.21 ஆயிரம் ஆக்கப்பட்டது. தொழிலாளி சம்பளத்தில் பிடிப்பது 100-க்கு 75 பைசா. முதலாளி போடுவது ரூ.3.25. இதற்கு அயனாவரம், கே.கே.நகர் ஆஸ்பத்திரிகளில் குடும்பத்துக்கே வைத்தியம். லீவு நாளுக்குப் பாதிச் சம்பளத்துக்கு மேல் பணமும் உண்டு. வேறு எந்தத் தனியார் பாலிசியும் இந்த விலைக்கு இதைக் கொடுக்காது. “இ.எஸ்.ஐ.யா, அங்கே யார் போவது?” என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டுப் பேசட்டும்.

நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில்தான் ஏராளமான வாலிபர்கள் விழுகிறார்கள்.

பாரிமுனையில் ஒரு சின்னக் கடை என்று வைத்துக்கொள்வோம். முதலாளியையும் சேர்த்து 6 பேர். பையனுக்கு மாதச் சம்பளம் ரூ.15 ஆயிரம். 10 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கிற கடைக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம் கிடையாது. வருஷ வருமானம் ரூ.1 லட்சத்து 80 ஆயிரம் ஆகிவிட்டதால் முதல்-அமைச்சர் திட்ட அட்டையும் கிடையாது. ஏழையும் இல்லை, ‘கவர்’ உள்ளவனும் இல்லை!

இன்னொரு பள்ளம், சம்பளம் ஏறும்போது. 20 ஆயிரத்து 500-ல் இருந்து 23 ஆயிரம் ஆனது என்று ஆபீசில் ஸ்வீட் கொடுக்கிறார் ஒரு கிளார்க். நடப்பு ஆறு மாதச் சந்தா காலம் முடிந்ததும் அவருடைய இ.எஸ்.ஐ. நின்றுவிடும். ஸ்வீட் சாப்பிட்டவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. அவருக்கே பல சமயம் தெரியாது. ஆஸ்பத்திரியில் அட்டையை நீட்டும்போதுதான் தெரியும்.

கம்பெனியே கொடுக்கிறதே?

பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் வேலை பார்க்கும் இளைஞர்கள் சொல்வது இது. ஆபீசிலேயே குரூப் பாலிசி. அப்பா அம்மாவையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் நாளில் இருந்தே செல்லும். உண்மைதான், அருமையான வசதி.

ஆனால் அந்தப் பாலிசி வேலையோடு ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டால், அல்லது வேலை அவரை விட்டால், அடையாள அட்டையோடு அதையும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். 25 வயதில் சேர்ந்து 38 வயதில் வெளியே வருகிறவர், கையில் சொந்தப் பாலிசி இல்லாமல், ரத்தக்கொதிப்போடு புதுசாக விண்ணப்பம் போட வேண்டும்.

அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் குரூப்பில் இருந்து தனி நபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. வேலையை விடும் அவசரத்தில் யார் இதை நினைக்கிறார்கள்?

சங்கதி இங்கேதான் இருக்கிறது!

உடம்பு நன்றாக இருக்கும்போது ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு உண்மையான பதில் பாலிசியின் பொடி எழுத்தில் இருக்கிறது. ‘காத்திருப்புக் காலம்’ என்று அதற்குப் பெயர்.

பாலிசி எடுத்த முதல் 30 நாட்களுக்கு, விபத்தைத் தவிர வேறு எந்த நோய்க்கும் பணம் கிடையாது. விபத்து என்றால் முதல் நாளில் இருந்தே உண்டு.

குடலிறக்கம், மூலம், கண்புரை, மூட்டு மாற்றம் போன்ற குறிப்பிட்ட வியாதிகளுக்குப் பொதுவாக 2 வருஷம் காத்திருக்க வேண்டும். சில பாலிசிகளில் 3 வருஷம்.

பாலிசி எடுக்கும்போதே இருக்கும் வியாதிக்கு, அதாவது சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா போன்றவற்றுக்கு, அதிகபட்சம் 3 வருஷம். முன்பு இது 4 வருஷமாக இருந்தது. ஐதராபாத்தில் உள்ள இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் இருந்து இதைக் குறைத்தது.

இந்தக் காலம் முழுவதும் பிரிமியம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வியாதிக்கு மட்டும் பணம் வராது. ஆரோக்கியமாக இருக்கிற 25 வயதுக்காரருக்கு இந்தக் காத்திருப்பு வலிக்காது. அவர் பாட்டுக்கு சினிமா, கிரிக்கெட் என்று சுற்றும்போதே அந்த வருஷங்கள் கழிந்துவிடும். வியாதி வந்த பிறகு எடுப்பவருக்குத்தான் ஒவ்வொரு மாதமும் திக்திக் என்று போகும்.

அண்ணன் - தம்பி கணக்கு

ஒரு கற்பனை உதாரணம். புரசைவாக்கத்தில் கடை வைத்திருக்கும் அண்ணன், தம்பி. ஒரு வயது வித்தியாசம். இருவருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம்.

தம்பி 25 வயதில் பாலிசி எடுத்தார். அண்ணன், “வருஷா வருஷம் கொட்டிக்கொடுத்து என்னடா கண்டே?” என்று தம்பியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

தம்பிக்கு 30 வயது ஆனபோது பக்கத்து மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். இருவருக்கும் சர்க்கரை!

இது ஒன்றும் சினிமாவில் வரும் அதிசயம் அல்ல. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தின் தலைமையில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கும் மேல் என்று அது சொன்னது. சர்க்கரையின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கும் மேல். அவர்களில் பலருக்கு வாசலில் நிற்பதே தெரியாது.

தம்பிக்கு என்ன ஆகும்? பாலிசி எடுத்த பிறகு வந்த வியாதி. ஆகவே ‘முன்பே இருந்த வியாதி’ என்ற பேச்சே இல்லை. நாளைக்கே சர்க்கரை ஏறி ஐ.சி.யூ.வில் சேர்ந்தாலும் பாலிசி செல்லும். சர்க்கரை வந்துவிட்டது என்பதற்காக அவருக்குப் புதுப்பிக்க மாட்டேன் என்று கம்பெனி சொல்ல முடியாது.

அண்ணன் அன்று சாயங்காலமே ஏஜெண்டைத் தேடி ஓடினார். ஏஜெண்ட் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டார். கம்பெனி மூன்றில் ஒன்று செய்யலாம். கூடுதல் பிரிமியம் கேட்கலாம். எடுத்துக்கொண்டு, சர்க்கரை சம்பந்தமான எதற்கும் 3 வருஷம் தர மாட்டோம் எனலாம். அல்லது ‘வேண்டாம்’ என்று விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பலாம்.

கால் புண், சிறுநீரகக் கோளாறு, நெஞ்சுவலி... இதெல்லாம் சர்க்கரையோடு சம்பந்தப்பட்டது என்று சொல்லி 3 வருஷம் இழுத்தால் அண்ணனால் என்ன செய்ய முடியும்?

சிகரெட்டை மறைத்தால்...

விண்ணப்பப் படிவத்தில், புகைப் பழக்கம் உண்டா, இதற்குமுன் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுண்டா, மாத்திரை சாப்பிடுகிறாரா என்று வரிசையாகக் கேட்பார்கள்.

“எல்லாத்துக்கும் ‘இல்லை’ போட்டுடுங்க சார், அப்பத்தான் சீக்கிரம் கிடைக்கும்” என்று சொல்லும் ஏஜெண்டும் இருக்கிறார். அவர் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஐந்து வருஷம் கழித்து நெஞ்சுவலியோடு படுத்தவரின் பழைய சீட்டுகளை கம்பெனி ஆள் வந்து கிண்டும்போது அவர் வரமாட்டார்.

கேஸ் ஷீட்டில், “10 வருஷமாக சிகரெட் பழக்கம்” என்று டாக்டர் ஒரு வரி எழுதி இருந்தால் போதும். மறைத்ததாகச் சொல்லிப் பணத்தை நிறுத்தலாம்.

இதிலும் இளைஞருக்கு ஒரு சாதகம் உண்டு. விடாமல் 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், அதன் பிறகு ‘சொல்லாமல் விட்டாய்’ என்ற காரணத்தைக் காட்டி கம்பெனி பணத்தை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் மறுக்கலாம். இது முன்பு 8 வருஷமாக இருந்தது. 2024-ல் 5 வருஷம் ஆனது. 25-ல் தொடங்கியவர் 30-லேயே இந்தக் கரையைத் தாண்டிவிடுகிறார். அதற்காகப் பொய் எழுதலாம் என்று அர்த்தம் இல்லை!

ரூம் வாடகை வில்லங்கம்

பாலிசி எடுத்தவர்களும் ஏமாந்து நிற்கும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ரூ.3 லட்சம் பாலிசி. அறை வாடகை 100-க்கு 1 வீதம், அதாவது நாளுக்கு ரூ.3 ஆயிரம் என்று வரம்பு. நோயாளி ரூ.6 ஆயிரம் அறையில் 4 நாள் தங்கினார். “மூவாயிரம்தானே அதிகம், நாலு நாளைக்கு 12 ஆயிரம் நாம போட்டுக்கலாம்” என்று வீட்டார் நினைத்தார்கள்.

மொத்த பில் ரூ.1 லட்சத்து 50 ஆயிரம். அறை 24 ஆயிரம். டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸ் கட்டணங்கள் 80 ஆயிரம். மருந்து, பரிசோதனைகள் 46 ஆயிரம்.

அறை வாடகை வரம்பைப்போல் இரண்டு மடங்கு ஆனதால், டாக்டர், தியேட்டர் கட்டணமும் பாதிதான் தருவார்கள். 80-க்கு 40. அறைக்கு 12. மருந்து, பரிசோதனைக்கு முழுசாக 46. ஆக மொத்தம் 98 ஆயிரம். வீட்டார் கட்ட வேண்டியது 12 ஆயிரம் அல்ல, 52 ஆயிரம்!

போதாததற்கு கையுறை, முகமூடி என்று சில்லறைச் சாமான்களைப் பல பாலிசிகள் கழித்துவிடும். எடுக்கும்போதே, “ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் பாதி வில்லங்கம் தீர்ந்தது. ஒருவேளை வரம்பு உள்ள பாலிசிதான் என்றால், சேரும்போது அதற்குள் அடங்கும் அறையைக் கேட்டு வாங்க வேண்டும். ஏ.சி. இல்லாவிட்டால் மாமியார் வருத்தப்படுவார் என்பதெல்லாம் அப்புறம்.

எதை எடுப்பது என்றே புரியவில்லை என்பவர்களுக்காக 2020 ஏப்ரலில் ‘ஆரோக்கிய சஞ்சீவினி’ என்ற பொதுப் பாலிசியை ஆணையம் கொண்டு வந்தது. எல்லா கம்பெனியிலும் ஒரே நிபந்தனை, விலைதான் வேறு. அறைக்கு பாலிசித் தொகையில் 100-க்கு 2, அதிகபட்சம் நாளுக்கு ரூ.5 ஆயிரம். ஐ.சி.யூ.வுக்கு ரூ.10 ஆயிரம். வருகிற பில்லில் 100-க்கு 5 ரூபாய் நோயாளி போட வேண்டும். பணம் கேட்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் பாலிசித் தொகை 100-க்கு 5 வீதம் கூடும், பாதி அளவு கூடும் வரை. ரூ.5 லட்சம் பாலிசி, கூடுதல் காசு இல்லாமல் ரூ.7½ லட்சம் ஆகலாம். சென்னை மாதிரி ஊருக்கு அறை வரம்பு கொஞ்சம் இறுக்கம்தான். ஆனாலும் ஒன்றும் இல்லாதவருக்கு இது ஒரு நல்ல ஆரம்பம்.

“கட்டின காசு போச்சே?”

வருஷா வருஷம் கட்டி ஒன்றும் ஆகவில்லை என்றால் காசு வீண்தானே என்பது நியாயமான கேள்வி. வீண்தான். கடை ஷட்டருக்குப் போட்ட பூட்டும், திருடன் வராத வருஷத்தில் வீண்தான்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. “25-ல் எடுத்தால் கடைசி வரை அதே பிரிமியம்” என்று சில ஏஜெண்டுகள் சொல்வார்கள். பெரும்பாலான பாலிசிகளில் அப்படி இல்லை. வயது ஏற ஏற பிரிமியமும் ஏறும். வைத்தியச் செலவு ஏறுகிறது என்று சொல்லி நடுவிலும் ஏற்றுவார்கள். இளம் வயதில் எடுத்தவருக்குக் கிடைக்கும் லாபம், விண்ணப்பம் தள்ளுபடி ஆகாமல் உள்ளே நுழைந்ததும், காத்திருப்புக் காலம் கழிந்ததும்தான்.

2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் தனி நபர் மருத்துவ பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டது ஒரு நிம்மதி. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ரூ.25 ஆயிரம் வரை பிரிமியத்துக்குக் கழிவும் உண்டு. புதிய முறைக்குப் போனவர்களுக்கு இல்லை.

கல்யாணம் ஆகப் போகிறவர்கள் கவனிக்க!

பிரசவச் செலவு எல்லா பாலிசியிலும் கிடையாது. தருகிற பாலிசிகளிலும் பெரும்பாலும் 2 முதல் 4 வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள். நாள் தள்ளிப்போன பிறகு ஏஜெண்டுக்கு போன் போட்டுப் பயன் இல்லை. கல்யாணத்துக்கு மண்டபம் தேடும்போதே இதையும் தேட வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ள பெண் ஊழியருக்கு 26 வார பிரசவகாலப் பணம் உண்டு என்பதால், தியாகராயநகர் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கள் பெயர் இ.எஸ்.ஐ.யில் ஏறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது முதல் வேலை.

படுத்தால் என்ன செய்ய வேண்டும்?

சாதாரணமாக 24 மணி நேரத்துக்கு மேல் ‘அட்மிட்’ ஆனால்தான் பணம். காய்ச்சலுக்கு ஊசி போட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கிடையாது. ஒரே நாளில் முடியும் சில ஆபரேஷன்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அவசரமாகச் சேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். பாலிசி நம்பர் பீரோவில் பூட்டி இருந்தால் யார் சொல்வது? வீட்டில் இன்னொருவர் போனிலும் அது இருக்க வேண்டும். மேன்ஷனில் தங்கி இருக்கும் வாலிபர் என்றால் ரூம் நண்பரிடமாவது சொல்லி வைக்க வேண்டும்.

கம்பெனியின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் கையில் காசு கட்டாமலே சிகிச்சை. அனுமதி கேட்டு 1 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், வீட்டுக்கு அனுப்பும்போது 3 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் உத்தரவு போட்டது. “இன்சூரன்ஸ்ல இருந்து மெயில் வரலை” என்று சாயங்காலம் வரை உட்கார வைத்தால் இந்த உத்தரவைச் சொல்லிக் கேட்கலாம்.

சேர்வதற்கு முன்னால் 30 நாள், வீடு திரும்பிய பின் 60 நாள் வரை ஆன ஸ்கேன், மருந்துச் செலவையும் பொதுவாகக் கேட்டு வாங்கலாம். அதனால் மெடிக்கல் ஷாப் பில்லைக் கசக்கி எறியக்கூடாது.

குடிபோதையில் வண்டி ஓட்டி விழுந்தால் கம்பெனி கையை விரிக்க வாய்ப்பு அதிகம். டாக்டர் முகர்ந்து பார்த்து எழுதிவிடுவார்.

வாங்கிய பாலிசி பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கம்பெனி பிடிக்காவிட்டால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்து வேறு கம்பெனிக்கு மாறலாம். காத்திருந்த வருஷங்கள் கணக்கில் கூடவே வரும். ஆனால் புதுப்பிக்கும் தேதியைக் கோட்டை விட்டு, 30 நாள் சலுகைக் காலத்தையும் தாண்டினால், கழிந்த வருஷம் எல்லாம் போய் மறுபடியும் முதலில் இருந்து!

பணம் தர மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ சென்னையிலேயே இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டியதும் இல்லை. பாலிசி நகல், ஆஸ்பத்திரி பில், மறுத்து அனுப்பிய கடிதம் மூன்றும் கையில் இருந்தால் போதும்.